பிறைக் கணக்கில் கெடு முடிந்த கொம்பியூட்டர்

786

கல்முனைக்குடி,
1999 மார்ச் 4

கத்தாரில் இருக்கும் அன்பு மருமகன் றிஷாட் அவர்களுக்கு மாமா காலிதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயனின் உதவியால் நான் இங்கே சுகம். நீங்களும் மகள் றஸ்னாவும் பேத்தியும் அங்கே சுகமாயிருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். எனக்குக் கொஞ்சம் இருமல் உண்டு. அதை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன், அந்த வரியை மட்டும் றஸ்னாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

நிற்க. இந்தக் கடிதம் சங்கத்து சேவர் கொம்பியூட்டர் சம்பந்தமானது. வேறு எதற்காகவும் எழுதப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், 94இல் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நீங்கள்தான் அந்த மெஷினைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து எங்கள் நெல் ஆலைக்காரர் சங்கத்தில் பூட்டினீர்கள். கரையோரத்து ஆலைகள் அத்தனையின் நெல் வரவும் அரிசிப் போக்கும் அந்த ஒரு பெட்டிக்குள் அடக்கம். பிறகு கத்தாரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு புறப்பட்டபோது, தபால் கந்தோரிலிருந்து பென்ஷனில் வந்து வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த என்னை அதற்குக் காவலாக வைத்தீர்கள். மூன்று வேலை சொல்லித் தந்தீர்கள். அசர் தொழுகைக்குப் பிறகு நாடாவை மாற்றி அன்றைய கணக்கைப் பிரதி எடுக்க வேண்டும் என்றீர்கள், எடுக்கிறேன். யார் சொன்னாலும் மெஷினை நிறுத்தக் கூடாது என்றீர்கள், அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். மூன்றாவது, உள்ளே இருக்கிற ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் கம்பனி ஐந்து வருடம்தான் பொறுப்பு, அதுவரை பிழை கண்டால் திருத்தி டிஸ்க் அனுப்புவார்கள், போனில் கேட்டால் பதில் சொல்வார்கள், அதற்குப் பிறகு செத்தாயோ பிழைத்தாயோ என்று கேட்கவும் மாட்டார்கள், ஆகவே அந்தத் திகதியில் கண்ணாக இருக்க வேண்டும் என்றீர்கள். இதையெல்லாம் கொழும்பு பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னீர்கள். றஸ்னா யன்னல் கரையில் கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்தாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மாமா. அந்தத் திகதிக்கு முன்ன நாங்க மூணு பேரும் வருவம். நானே புதுச் சிஸ்டம் போட்டுத் தருவன்" என்றீர்கள். பஸ் படியில் நின்று ஒருவர் சொல்வதை எல்லாம் பிடித்துக்கொள்ளக் கூடாதுதான். நான் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. வீடு நன்றாக இருக்கிறது. நான் பழையபடி குசினிப் பக்கத்து அறையில்தான் படுக்கிறேன். றஸ்னாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, அதன் பெரிய அறையில் போய் மாமனார் கால் நீட்டிப் படுத்தால் ஊர் என்ன நினைக்கும். உங்கள் மாமி உயிரோடு இருந்த காலத்தில் இந்தக் குசினி அறை இரண்டு பேருக்குக் காணாது என்று இரண்டு பேரும் சண்டை பிடிப்போம். இப்போது இடம் தாராளமாக இருக்கிறது. ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்: உங்கள் விறாந்தைச் சுவரில் அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடித்துவிட்டேன். சங்கத்தின் கலண்டரைத் தொங்கவிடத்தான், அந்தத் திகதியில் கண்ணாக இருக்கத்தான்.

ஒவ்வொரு நாள் காலையும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து நீங்கள் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்ட்டைத் தட்டுகிறேன். அது பேத்தியின் பெயர் என்பதை இங்கே எழுதக் கூடாது, கடிதத்தை யாரும் பிரித்துப் பார்க்கலாம், ஆகவே எழுதவில்லை. எழுதிவிட்டேன் போலிருக்கிறது. பரவாயில்லை, பெயரைச் சொல்லவில்லையே. அந்தப் பெயரைத் தட்டுவதற்காகவே விடுமுறை நாளிலும் சங்கத்துக்குப் போய் வருகிறேன். மாதக் கடைசியில் நீங்கள் கொமியுனிகேஷன் கடைக்கு எடுக்கிற டெலிபோன் கோலில் பேத்தி அரபியில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிப்போகிறாள். அதற்குள் நீங்கள் "வேற என்ன மாமா?" என்று கேட்கிறீர்கள். வேறு என்ன என்று எனக்குச் சட்டென்று வாயில் வருவதில்லை. "வேற ஒண்டுமில்ல மகன், மிசின் நல்லா இரிக்கி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நோன்பு காலத்தில் ஒரு நாள் சங்கத் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியாரிடம், இந்த வருடம் சேவரின் சப்போர்ட் முடிகிறது, என் மருமகன் வந்து புதிது போடுவார் என்று அறிவித்தேன். அவருக்கு மெஷின் சங்கதி தெரியாது, கணக்கு நன்றாகத் தெரியும்.

"எப்ப பூட்டின காலிதீன் அது?" என்று கேட்டார்.

"பெருநாள் கழிஞ்சி, ஷவ்வால் மாச நடுவுல ஹாஜியார்."

"அப்ப அஞ்சி வருசம் எண்டா வாற ஷவ்வால் நடுவுல முடியுது. இதுல என்ன கதைக்கக் கிடக்கு?"

எங்கள் சங்கத்தில் ஸக்காத்துக்கு வருடம் நிறைவதும் பிறையில்தான், பள்ளிக்குக் கொடுக்கிற நேர்ச்சையும் பிறையில்தான், ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை. பிறை வருடம் இங்கிலீஷ் வருடத்தைவிடச் சின்னது, ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்னுக்கு வந்துவிடும் என்பது, வேலைக் காலம் முழுவதும் தபால் முத்திரையில் திகதி மாற்றிய எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரம் தெரியவில்லை. நீங்கள் வருகிற திகதி சீக்கிரமாக வருகிறது என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டும்போது அதில் பிழை தேடுகிற ஆள் நான் இல்லை.

அவ்வளவுதான், கதை கல்முனைச் சந்தைக்குப் போய்விட்டது. சங்கத்து மெஷினுக்கு நாள் குறித்தாகிவிட்டதாம், ஷவ்வாலைத் தாண்டாதாம். நோயாளி பார்க்க வருவதைப் போல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப எப்படி இரிக்கி?" என்று என்னிடம் கேட்டார்கள். பக்கத்து வளவு சல்மா உம்மா ஒரு பை தோடம்பழத்தோடு வந்து, "நோயாளியப் பாக்க வெறுங்கையோடயா வாற?" என்று அதை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தோடம்பழத்தை மெஷின் சாப்பிடவில்லை என்பதால் நான் சாப்பிட்டேன். ஆலைக்காரர்கள் அதற்கு ஒரு படி மேல். மெஷின் மௌத்தானால் எங்கள் நெல்லுக்கு யார் சாட்சி என்று கேட்டு, தங்கள் தங்கள் கணக்கைக் கடதாசியில் அடித்துத் தரச் சொல்லி வரிசையில் நின்றார்கள். அடித்து அடித்து பிரிண்டரின் ரிப்பன் வெளிறி, கடைசியில் நின்றவர்களுக்கு வெறும் கடதாசியைத்தான் கொடுத்தேன். அவர்களும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொன்னால், மகன், மாமி போன பிறகு அந்தளவு ஆட்கள் என்னைத் தேடி வந்தது அந்தக் கிழமைதான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. மெஷின் செத்துப்போகப் போகிறது, இந்த மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாரே என்று சிலர் கதைத்ததாகவும் கேள்வி.

அவர்களுக்கு என்ன தெரியும். திகதி நெருங்க நெருங்க நான் வீட்டுக்கு வெள்ளை அடித்தேன், கிணறு இறைத்தேன், பெரிய அறையின் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். நீங்கள் வருவதாக எழுதவில்லைதான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற ஆள் நீங்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். சுபஹுத் தொழுதுவிட்டு கொழும்பு பஸ் வருகிற இடத்தில் போய் நிற்பேன். செக்பொயின்ட்டில் மறித்து மறித்து அது வந்து சேரும்போது வெயில் ஏறிவிடும். இறங்குகிறவர்கள் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் கொண்டக்டரிடம் "பின்னுக்கு ஆரும் நித்திரையா?" என்று கேட்பேன். இரண்டு மூன்று நாளில் அந்த ஆள் நான் வாய் திறக்குமுன்னே தலையை ஆட்டப் பழகிவிட்டார். கெடு முடிகிற வெள்ளிக்கிழமை பெரிய கொடுவா மீன் ஒன்று வாங்கி சல்மா உம்மாவிடம் கொடுத்து, மூன்று பேருக்கு அல்ல, நான்கு பேருக்கு ஆக்கச் சொன்னேன். நீங்கள் வரவில்லை. சங்கத்தில் ஜெனரேட்டர் பார்க்கிற பாண்டிருப்புப் பாக்கியராசாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "காக்கா, வெள்ளிக்கிழமையில நான் மீன் மச்சம் தொடமாட்டனே" என்றார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் மீன் சாப்பிட்டேன்.

அதே வெள்ளிக்கிழமைதான் இரண்டாவது வேலையில் தவறினேன். ஹாஜியார் ஆட்களோடு வந்து நின்றுகொண்டு, பொறுப்பில்லாத மெஷினில் ஊராரின் கணக்கை ஓடவிட்டு நாளைக்குப் பிழை வந்தால் யார் பதில் சொல்வது, நிறுத்துங்கள் என்றார். இன்றைய நாள் இன்னும் முடியவில்லையே என்றேன். "பிறையில நாள் மஃரிபோட முடியுது" என்றார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் ஐந்து வருடம் நில்லாமல் ஓடிய மெஷினை நான் என் கையால் நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அந்த அறையில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. ஹாஜியார் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார். தூசு படாமல் இருக்கத்தான் போட்டார், ஆனால் பார்க்க வேறு மாதிரி இருந்தது.

மாரி வெள்ளாமை வெட்டுத் தொடங்கிய நேரம் அது. மறுநாள் காலையில் சொறிக்கல்முனைப் பக்கமிருந்து வந்த நெல் லொறிகள் சங்க வாசலில் தொடங்கி பிரதான வீதி வரைக்கும் நின்றன. கையால் சிட்டை எழுதினார்கள். என் கையெழுத்தை ஒருவருக்கும் வாசிக்க முடியவில்லை, எழுதிய எனக்கும் முடியவில்லை. ஒருவரின் சம்பா இன்னொருவரின் பெயரில் போய், அவருடைய நாட்டரிசி காணாமலே போய், ஹாஜியார் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினார். அந்தக் களேபரத்தில் நான் மெல்லக் கழன்று கொமியுனிகேஷன் கடைக்குப் போய் கொழும்புக் கம்பனிக்குக் கோல் எடுத்தேன். எதற்கு என்று கேட்பீர்கள். ஐந்து வருடமாகப் போனில் பொறுமையாகப் பதில் சொன்ன ஆட்கள், பிரிகிற நேரத்தில் ஒரு வார்த்தை பிழை பொறுக்கக் கேட்காமல் விடுவது நம்முடைய முறையா? வழக்கமாகக் கதைக்கிற அந்தப் பெண்பிள்ளைதான் எடுத்தது.

"மகள், இவ்வளவு காலமும் நாங்க தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் கரைச்சல் தந்திருந்தா பொறுத்துக்கங்க" என்றேன்.

அந்தப் பிள்ளை பயந்துவிட்டது. "ஐயா, நீங்க எங்க போறீங்க?"

"நான் எங்கயும் போகல்ல மகள். நீங்கதானே போறீங்க."

கொஞ்ச நேரம் கடதாசி புரட்டுகிற சத்தம். "ஐயா, ஒங்களுக்கு மார்ச் கடைசி வரைக்கும் சப்போர்ட் இருக்கே. யார் முடிஞ்சது எண்டு சொன்னது?"

பிறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கில் ஒரு சின்னப் பிசகு என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, சிரிப்பைப் பிடித்து வைத்திருக்கிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து சொன்னபோது பாக்கியராசாதான் விழுந்து விழுந்து சிரித்தார். "கொழும்பில ஆர் காக்கா உங்களுக்குப் பிறை பாக்கிற?" என்று கேட்டார். ஹாஜியார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. துணியை எடுத்து, நாலாய் மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, "ஓட விடுங்க" என்று மட்டும் சொன்னார். பாஸ்வேர்ட்டைத் தட்டினேன். ஒரு முறையிலேயே எழும்பிவிட்டது. மற்றவர்களுக்கு நெல் பிழைத்தது என்று சந்தோசம். எனக்கும் சந்தோசம், காரணம் வேறு. திகதி இன்னும் போகவில்லை, ஆகவே நீங்கள் சொன்ன சொல்லில் தவறவில்லை. பிழை எங்கள் கணக்கில். பஸ் நிலையத்தில் நின்ற நாட்களில் உங்கள்மேல் நான் மனதுக்குள் வைத்த ஏச்சை எல்லாம் அன்றே வாபஸ் வாங்கிவிட்டேன்.

இப்போது உண்மையான திகதி வருகிறது. இந்த மாதக் கடைசி. நன்றாகப் பாருங்கள், ஹஜ்ஜுப் பெருநாளும் அதே நாட்களில்தான் வருகிறது. இந்த முறை பிறையில் பார்த்தாலும் இங்கிலீஷில் பார்த்தாலும் ஒன்றுதான், நீங்கள் தப்ப வழியில்லை. ஒரு சிக்கல் என்னவென்றால், ஹாஜியார் சூடு கண்டவர். மருமகன், மருமகன் என்று எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள் என்று கேட்டு, கொழும்பிலிருந்து ஒரு பொடியனை வரவழைத்துவிட்டார். கழுத்துப்பட்டி கட்டின பொடியன். மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதுச் சிஸ்டம்தானே, ஒரு பின்னேரத்தில் போட்டுத் தருகிறேன் என்கிறான். ஒரு பின்னேரமாம். மூன்று வருடம் நான் காத்துக்கொண்டிருக்கிற வேலை அது. அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து வட்டிலப்பம் கொடுத்தேன். இந்தப் பக்கம் கரண்ட் நிற்கிற நேரம், ரோட்டு மூடுகிற நேரம், கடற்காற்றில் டிஸ்க் துருப்பிடிக்கிற விதம் எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். பெருநாள் கழியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டான். ஆகவே உங்களுக்கு இருப்பது பெருநாள் வரைக்கும். அதற்குள் நீங்கள் வராவிட்டால் அவன் வந்து போட்டுவிடுவான். அவன் போட்டுவிட்டால், மகன், பிறகு உங்களை எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. லீவு தரமாட்டோம் என்று உங்கள் துரைமார் சொன்னால் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். கரையோரத்து நெல் முழுவதும் உங்கள் கையில் தங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

பெரிய அறை தயாராக இருக்கிறது. மெத்தையை மறுபடியும் வெயிலில் போடுவேன். றஸ்னாவுக்கு என் துஆவும் சலாமும், பேத்திக்கு முத்தமும். அவளுக்கு என்னைத் தமிழில் மூத்தாப்பா என்று சொல்லப் பழக்கி வையுங்கள். உங்கள் வாப்பாவைச் சென்ற வெள்ளி பள்ளி வாசலடியில் கண்டேன், அவரும் உம்மாவும் நலமாக இருக்கிறார்கள். அல்லாஹ் உங்கள் மூவரையும் எல்லா முசீபத்துகளிலிருந்தும் காப்பாற்றி, உணவிலும் உழைப்பிலும் நல்ல ரிஸ்கையும், தட்டுத் தடங்கலில்லாத பிரயாணத்தையும் தருவானாக. வஸ்ஸலாம்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
மாமா,
காலிதீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இன்று காலை கொழும்பிலிருந்து சங்கத்துக்கு ஒரு பெக்ஸ் கடதாசி வந்தது. வாங்கியவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் அந்தச் சிஸ்டத்துக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கம்பனியே பொறுப்பு எடுத்துக்கொள்கிறதாம். பழையபடி டிஸ்க் வரும், போனில் பதில் சொல்வார்கள். கழுத்துப்பட்டிப் பொடியனும் வர வேண்டியதில்லை. ஹாஜியார் வாசித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ். இனி ஒங்கட மருமகனுக்குக் கரைச்சல் குடுக்கத் தேவல்ல காலிதீன்" என்றார். எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். நானும் சந்தோசம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆகவே மேலே எழுதிய கெடு, பெருநாள், அவசரம், கரையோரத்து நெல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வாசிக்கவும். பெக்ஸைப் பற்றி வாய் திறக்காமல் கடிதத்தை இப்படியே ஒட்டி அனுப்பினால் என்ன என்றும் வரும் வழியில் யோசித்தேன். பொய்யான அவசரத்தில் உங்களை விமானம் ஏற்ற மனம் வரவில்லை. மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை, மகன். எனக்குத்தான் தனியே இருக்க ஏலாமல் இருக்கிறது. அதற்காகவும் ஒருவரைக் கூப்பிடலாம் என்றால், வாருங்கள். வந்தால் இந்த முறை உங்களுக்குச் சங்கத்தில் ஒரு வேலையும் இல்லை, வீட்டிலேயே இருக்கலாம்.